பாட்டில் நலம்

பிப்ரவரி 2, ஞாயிறு

உரக்கடையில் இலவசமாகக் கொடுத்த டைரி இது. பக்கத்துக்குப் பக்கம் ஒரு பூச்சி மல்லாந்து செத்துக் கிடக்கிறது, கீழே மருந்தின் பெயர். பட்டுப்புழுவுக்கு நாள்வாரியாகக் குறிப்பு எழுது என்று அண்ணன் இதை என்னிடம் தந்தான். புழு வர இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அதுவரை பக்கத்தைச் சும்மா விடுவானேன்?

முதல் குறிப்பு, கிழக்குத் துண்டு. அரை ஏக்கர் மல்பெரி. "இது கோகிலாவுக்கு" என்று அப்பா போகும்போது வாயால் சொல்லிவிட்டுப் போனது. போன தடவை புழு வளர்த்தபோது எனக்கு சிக்குன்குனியா வந்து படுத்துவிட்டதால் அந்தத் துண்டில் மட்டும் யாரும் தழை வெட்டவில்லை. வெட்டாத செடி காய்த்துத் தள்ளியிருக்கிறது. இத்தனை வருடம் மல்பெரியோடு குடித்தனம் நடத்தியும் நாங்கள் அதன் பழத்தை ஒழுங்காகப் பார்த்ததில்லை. பூக்கும் முன்பே வெட்டிப் புழுவுக்குப் போட்டுவிடுவோம். இன்று காலை போய் நின்றால் கிளை முழுக்கக் கறுப்பும் சிவப்புமாகத் தொங்குகிறது. வாய் வலிக்கும் வரை தின்றேன்.

அண்ணன் வரப்பில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னான்: "பழம் தின்னாச்சுல்ல? அடுத்த மாசம் இதைப் பேத்துப் போட்டு தென்னை வெச்சரலாம்."

தென்னம்பிள்ளைகளும் வாங்கியாகிவிட்டது. தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் பாலிதீன் பைகளில் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுவதும் நான்தான்.

"வெக்கக் கூடாது" என்றேன்.

"பின்ன பழத்தை வெச்சு என்ன பண்ணுவ?"

"சாஸ் பண்ணி விப்பேன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். சாஸ் எப்படிப் பண்ணுவது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தத் துண்டு தென்னந்தோப்பாகிவிட்டால் இந்த வீட்டில் என்னுடையது என்று சொல்ல ஒரு குச்சிகூட இருக்காது. அது மட்டும் நன்றாகத் தெரியும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

நானும் நங்கையும் பழம் பறித்தோம். நங்கை என்றால் அண்ணன் மனைவி ஜெகதாமணி. இந்த வீட்டில் எனக்கு இருக்கும் ஒரே கட்சிக்காரி. கை, சேலை, மூக்கு எல்லாம் ஊதா. போஸ்ட்மேன் பார்த்துவிட்டு "யாரைக் குத்திப் போட்டீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சாஸ் நன்றாக வந்தது. வெல்வெட் மாதிரி. பாட்டில்களில் ஊற்றி வைத்திருக்கிறேன். காலையில் அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 5, புதன்

நீலம்! அத்தனை பாட்டிலும் நீலம்! ஓரமெல்லாம் பச்சை வேறு. நங்கை சமையலறையில் போட்ட சத்தத்தில் அண்ணன் பல் துலக்கும் பிரஷோடு ஓடிவந்தான்.

"ஐயோ, விசம்! யாரும் தொட்றாதீங்க!" என்றாள் நங்கை.

அண்ணன் ஒரு பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். "சிவன் கோயிலுக்குக் குடுத்துரு. அவருக்குத்தான் ஏற்கெனவே பழக்கம்."

மத்தியானம் வரை மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது. போன வாரம் முழுக்கப் புழு மனையைச் சுத்தம் செய்தோம். புழு மனை என்பது புழு வளர்க்கும் கொட்டகை. அங்கே எதைக் கழுவினாலும் சுண்ணாம்புத் தண்ணீர்தான். கிருமி ஒன்று மிஞ்சினால் அத்தனை புழுவும் காலி என்பதால் கை தன்னால் சுண்ணாம்புக்குப் போகும். அதே கையால் சாஸ் பாட்டில்களையும் சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கி, அலசாமல் கவிழ்த்து வைத்திருக்கிறேன். உள்ளே வெள்ளையாகப் படிந்திருந்ததைச் சுத்தத்தின் அடையாளம் என்று ரசித்தும் இருக்கிறேன்.

ஒரு கரண்டி நீலத்தில் எலுமிச்சை பிழிந்தேன். மறுபடி சிவந்துவிட்டது. அழகாகத்தான் இருந்தது. இருந்தாலும் எல்லாவற்றையும் குழி வெட்டிக் கொட்டினோம். பட்டுப்புழு வளர்க்கிறவள் சாஸ் செய்தால் இப்படித்தான் ஆகும்.

பிப்ரவரி 7, வெள்ளி

இந்தத் தடவை சுண்ணாம்பு இருக்கும் திசைக்கே போகவில்லை.

மறக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன். நன்றாகக் கறுத்த பழத்தோடு கொஞ்சம் சிவந்த பழமும் சேர வேண்டும். கறுத்தது ருசிக்கு, சிவந்தது புளிப்புக்கும் கெட்டிக்கும். காம்பைக் கத்தரியால் வெட்ட வேண்டும், பிய்த்தால் பாதிப் பழம் கையோடு வருகிறது. சர்க்கரை போட்டுப் பிசறி, சாறு விடும்வரை மூடி வைக்க வேண்டும். அடி கனத்த எவர்சில்வர் சட்டி. தண்ணீர் ஒரு சொட்டுக் கூடாது. இரண்டு கிராம்பு. நுரை வந்தால் வழிக்க வேண்டும், வழித்த நுரையை வீணாக்கக் கூடாது (நங்கை வீணாக்கவில்லை). கடைசியில் எலுமிச்சை, கஞ்சத்தனம் இல்லாமல். ஃப்ரிட்ஜில் குளிரவைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் கோடு இழுத்தால் கோடு மூடிக்கொள்ளாமல் நிற்க வேண்டும். நின்றது.

பாட்டில்களை அடியில் துணி போட்டு வெந்நீரில் கொதிக்கவிட்டு, சூட்டோடு உலரவைத்து, கொதிக்கக் கொதிக்க ஊற்றி, மூடியை முறுக்கிக் கவிழ்த்து வைத்தேன். ஆறும்போது ஒவ்வொரு மூடியும் 'டக்' என்று உள்வாங்கியது. அந்தச் சத்தத்துக்காகச் சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தேன். நாலு பாட்டில், நாலு 'டக்'.

பிப்ரவரி 8, சனி

காலையில் அண்ணன் ஒரு பாட்டிலைத் திறந்து தோசைக்கு ஊற்றிக்கொண்டான். "உன்ற கசாயம் சுமாரா இருக்குது" என்றான். சாயங்காலம் பாட்டில் காலி. ஒன்று கோயமுத்தூர் ஹாஸ்டலில் இருக்கும் அவன் மகளுக்குப் போனது. மீதி இரண்டு.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று மூவரும் ஓம்னியில் உடுமலைக்குப் போனோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பத்ரசாமி என்பவரின் பேக்கரி. மனைவி தவறி ஆறேழு வருடம் ஆகிறதாம், தனிக்கட்டை. இதை நான் கேட்கவில்லை, நங்கை கேட்டாள். கடைக்குள் போனால் வெனிலா எசென்ஸ் வாசம் ஆளைத் தூக்குகிறது. அவர் மேலும் அதே வாசம்.

"வீட்டுச் சரக்குன்னா பயமுங்" என்றார். "போன வருசம் ஒருத்தர் கொய்யா ஜாம் குடுத்தாருங். பத்தாம் நாள் பொங்கி, மூடி தெறிச்சு டியூப் லைட்டுல அடிச்சிருச்சு. கெடாம இருக்க மருந்து ஏதாச்சும் போட்டிருக்கீங்ளா மேடம்?"

"எலுமிச்சையும் சர்க்கரையும்தான். இன்னொன்னு, மேடம்னு கூப்பிட வேண்டாம்."

"சரிங் மேடம்."

அண்ணன் தோசைக்கு ஊற்றியதில் நான் வழித்து எடுத்து வைத்திருந்த டம்ளரையும் வீட்டுக் கரண்டி ஒன்றையும் நீட்டினேன். ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். கரண்டியைத் திருப்பி அதன் முதுகையும் நக்கினார். நங்கை என்னை இடித்தாள். இன்னொரு கரண்டி. பிறகு கரண்டியைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு பேசினார். கடைசியில் அதைப் பேனா மாதிரி சட்டைப் பையில் செருகிக்கொண்டார். கவனம் இல்லாத மனுஷன்.

பேச்சு முடிவானது. ஒரு பாட்டில் அவர் கடையில் அடுப்புச் சூடு படுகிற அலமாரியில் ஒரு மாதம் இருக்க வேண்டும். மார்ச் 9 அன்று எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் திறக்க வேண்டும். கெடாமல் இருந்தால் கேக்குக்கும் பன்னுக்கும் வருடம் முழுக்க என்னிடம் வாங்கிக்கொள்வார். கெட்டிருந்தால் தென்னை.

"பேச்சு மாறக் கூடாது" என்றேன் அண்ணனிடம்.

"நீயும் மாறக் கூடாது" என்றவன் ஒரு காகிதத்தை மூடிக்கு மேலே குறுக்காக ஒட்டி, அதில் கையெழுத்துப் போட்டு சீல் வைத்துவிட்டான். கூட்டுறவு சங்கத்தில் டைரக்டராக இருந்தவன் இல்லையா.

வீட்டுக்கு வந்து, ராத்திரி பார்த்தால் நாலாவது பாட்டிலைக் காணவில்லை. அலமாரி, ஃப்ரிட்ஜ், அட்டாலி எல்லாம் தேடினேன். எலி பாட்டிலைத் தூக்குமா? அண்ணன்மேல்தான் சந்தேகம்.

பிப்ரவரி 10, திங்கள்

பத்ரசாமி போன் செய்தார். பாட்டில் நன்றாக இருக்கிறதாம். பொறுப்பான ஆள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

போன். பாட்டில் நலம். நேற்றைய நிறம்தான். மேடம் போய்விட்டது. அதற்குப் பதில் என்ன சொல்வது என்று தெரியாமல் ஒவ்வொரு வாக்கியத்தையும் "ஏனுங்" என்று ஆரம்பிக்கிறார்.

பிப்ரவரி 13, வியாழன்

இன்றும் போன். நேற்றும். ஒரு பாட்டிலை இவ்வளவு அக்கறையாகக் கவனிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை.

இன்று குரல் கொஞ்சம் கம்மியாக இருந்தது. "ஏனுங், அதுல கிராம்பு போட்டிருக்கீங்களாட்ட இருக்குது. முழுங்குனதுக்கு அப்புறம் கடைசில ஒரு வாசம் வருதுங்" என்றார். மூடிய பாட்டிலுக்குள் கிராம்பு இருப்பதை வெளியிலிருந்தே கண்டுபிடித்துவிட்டார். பேக்கரிக்காரர் மூக்கு என்றால் சும்மாவா!

பிறகு, "இன்னொரு பாட்டில் கெடைக்குமுங்ளா? சும்மா, வெலைக்கு" என்று கேட்டார்.

"இல்லீங்க. இருந்தாலும் மாசம் முடியாம ஒரு சொட்டு தரமாட்டேன்."

"செய்ய முடியாதுங்ளா?"

"நாளன்னைக்குப் புழு வருது. அப்புறம் வீட்டுல கடுகு தாளிக்கவே யோசிக்கோணும்."

பிறகு வேறு ஏதோ பேசினோம். அவருக்குச் சின்ன வயதில் நீச்சல் கற்றுக்கொடுத்தது யார், அவர் கடை ஓவனுக்கு ஏன் இருமல், எனக்கு ஏன் பேருந்தில் ஜன்னல் சீட்டு பிடிக்காது. முக்கியமாக ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

கடையில் இன்று இதய வடிவக் கேக்குகளுக்கு ஒரே தள்ளுமுள்ளாம். அவ்வளவு கூட்டத்திலும் பாட்டிலைப் பற்றிச் சொல்ல நேரம் ஒதுக்கினார். நங்கை சிரிக்கிறாள். எதற்கு என்று கேட்டால் "சீரியல்ல ஒரு ஜோக்கு" என்கிறாள். டி.வி. போட்டிருக்கவில்லை.

பிப்ரவரி 15, சனி

புழு வந்துவிட்டது. இரண்டு தடவை தோலுரித்த குட்டிகள், சாம்பல் நிற நூல் துண்டுகள் மாதிரி நெளிகின்றன. இனிமேல் வீட்டில் சட்டம்: மிளகாய் வறுக்கக் கூடாது, ஊதுபத்தி கூடாது, பவுடர் கூடாது, கொசுவர்த்தி கூடாது, அண்ணன் பீடி கூடவே கூடாது. மனைக்குள் நுழையும் முன் பிளீச்சிங் தண்ணீர்த் தட்டில் கால் நனைக்க வேண்டும். வாசம் என்று ஒன்று வந்தால் புழு தழையைத் தொடாது.

கிழக்குத் துண்டில் பழம் பழுத்து உதிர்கிறது. மைனாக்களுக்கு நல்ல காலம். தென்னம்பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஒன்று புதுக் குருத்து விட்டிருக்கிறது. திமிர்.

பிப்ரவரி 18, செவ்வாய்

இன்று பேக்கரிக்கு விடுமுறை. பத்ரசாமி நேரில் வந்துவிட்டார். பாட்டிலைப் பற்றிச் சொல்லத்தான். மொபெட் கேட்டுக்குள் நுழையும்போதே எனக்கு மூக்கில் அடித்தது. வெனிலா!

"அங்கயே நில்லுங்க!" என்று கத்தினேன். "இன்னும் ஒரு அடி வெச்சா அத்தனை புழுவும் பட்டினி கெடக்கும்!"

பாவம், அப்படியே கிணற்றுமேட்டுக்குப் போய் நின்றார். நான் மனை வாசலில். நடுவில் ஒரு வயல் அகலம். கத்திப் பேசினால் ஊருக்கே கேட்கும் என்பதால் இரண்டு பேரும் போனை எடுத்தோம். எதிரெதிரே நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே போனில் பேசினோம். அவர் கையை ஆட்டினால் குரல் அப்புறம்தான் வருகிறது.

"குளிச்சுட்டுத்தானுங் வந்தேன்" என்றார்.

"எத்தனை தடவை?"

"ரெண்டு."

"பத்தலை."

அண்ணன் தழைக் கட்டோடு நடுவில் வந்து நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டே போனான்.

புழு இன்று மூன்றாம் தோலுரிப்புக்குத் தலையைத் தூக்கிக்கொண்டு தூங்க ஆரம்பித்துவிட்டது.

பிப்ரவரி 21, வெள்ளி

அண்ணன் உடுமலையில் உரம் வாங்கப் போனவன் பேக்கரிக்கும் போய்ப் பாட்டிலைப் பார்த்திருக்கிறான். "என்ற கையெழுத்து அப்படியே இருக்குது. ஆனா பாட்டிலுக்குள்ள ஒரு நுரையாட்ட தெரியுது. தென்னைக்குக் குழி எடுக்க ஆள் சொல்லட்டுமா?" என்றான்.

உடனே பத்ரசாமிக்குப் போன் போட்டேன். "நுரையெல்லாம் இல்லீங்... வெளிச்சம்... வெளிச்சத்துல அப்படித் தெரிஞ்சிருக்குமுங்" என்றார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். தினமும் பார்க்கிறவர்.

பிப்ரவரி 24, திங்கள்

புழு நாலாவது தோலுரிப்பில். தழை போட வேண்டாம், மனைக்குள் சத்தமே இல்லை. நாள் முழுக்க ஓய்வு.

போன் வரவில்லை.

கடையில் வேலை இருக்கும். பாட்டிலுக்கு ஏதாவது ஆகியிருந்தால் சொல்லியிருப்பார். ஒருவேளை ஆகிவிட்டதால்தான் சொல்லவில்லையோ? ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. பாட்டிலைப் பற்றிய கவலைதான். அரை ஏக்கர் விஷயம் அல்லவா.

பிப்ரவரி 25, செவ்வாய்

கேக் மாவு கலக்கும்போது போன் மாவுக்குள் விழுந்துவிட்டதாம்! இன்று மொபெட்டில் வந்து கிணற்றுமேட்டில் நின்று இரண்டு கையையும் ஆட்டிச் சைகையிலேயே சொன்னார். மாவு பிசைவது, போன் விழுவது, தலையில் அடித்துக்கொள்வது எல்லாம் நடித்துக் காட்டினார். சிரித்துச் சிரித்துத் தழைக் கூடையைக் கவிழ்த்துவிட்டேன். மத்தியானம் இரண்டு தட்டுச் சாப்பிட்டேன்.

எனக்கு நாற்பத்தொன்று. ஜாதகம் பார்த்துப் பார்த்தே இரண்டு தரகர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். நாற்பது முடிந்த அன்று, இனி இந்த வீட்டில் யாரும் கல்யாணம் என்ற வார்த்தையை என் காதில் போடக் கூடாது என்று உத்தரவு போட்டேன். இதுவரை யாரும் மீறவில்லை. இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று தெரியவில்லை. புழுக் குறிப்பு டைரியில் இடம் நிறைய இருக்கிறது, அவ்வளவுதான்.

மார்ச் 1, சனி

புழு விரல் தடிமன். தின்கிற சத்தம் ஓட்டின்மேல் மழை பெய்கிற மாதிரி. தழை போட்டே இடுப்பு ஒடிகிறது. புதுப் போனிலிருந்து போன். பாட்டில் நலம்.

மார்ச் 5, புதன்

புழுவெல்லாம் கண்ணாடி மாதிரி மினுங்கிப் பழுத்துவிட்டன. பொறுக்கிக் கூடு கட்டும் வலைகளில் விட்டோம். ஊரிலிருந்து நங்கையின் அக்காவும் உதவிக்கு வந்தாள். இனி தின்பதும் இல்லை, முகர்வதும் இல்லை. ஊர்ப்பட்ட வெனிலா வந்தாலும் கவலை இல்லை என்று போனில் சொன்னேன். "அப்படீங்ளா" என்றார், ஏதோ லாட்டரி விழுந்த மாதிரி.

மார்ச் 8, சனி

நாளை பாட்டில் திறப்பு. என்ன ஆனாலும் சரி என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். பொய். தேறவில்லை. சாயங்காலம் கிழக்குத் துண்டில் போய் நின்றேன். இன்னும் பழம் இருக்கிறது, மைனாக்கள் தின்றது போக. இது போய்விட்டால் அழுதுவிடுவேன், அதை அண்ணன் பார்க்கக் கூடாது.

இன்று போனில் பத்ரசாமி பாட்டிலைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. "நாளைக்கு... நேர்ல பேசிக்கலாமுங்" என்று வைத்துவிட்டார்.

மார்ச் 9, ஞாயிறு

எழுதக் கை ஓடவில்லை. ஆனாலும் முழுதாக எழுதிவிட வேண்டும்.

பத்ரசாமி வெள்ளைச் சட்டையில், துண்டில் சுற்றிய பாட்டிலோடு வந்தார். இன்று வெனிலா வரலாம் என்று நானே சொல்லியும் அவர்மேல் ஒரு வாசமும் இல்லை. நாலு நாளாகக் கிரீம் பக்கமே போகவில்லையாம், ரொட்டி வேலை மட்டும்தானாம். ஆனால் முகம் வெளிறிப்போய் இருந்தது.

அண்ணன் சீலைத் தடவிப் பார்த்தான். அவன் கையெழுத்து, பத்திரமாக. மூடியைத் திருகினான்.

புஸ்ஸ் என்று ஒரு சத்தம். நுரை பொங்கி அண்ணன் வேட்டியில் வழிந்தது. நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம். நங்கை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணன் கேலி செய்யவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. "விடு சாமி" என்றான் என்னிடம் மெதுவாக. "முயற்சி பண்ணுன. போதும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அழுகிற கண்ணோடு பாட்டிலை வாங்கி முகர்ந்தேன். மறுபடி முகர்ந்தேன். ஒரு சொட்டு விரலில் எடுத்துத் தேய்த்தேன். மல்பெரி விரலில் ஏறினால் இரண்டு நாளைக்குப் போகாது. இது தண்ணீராக ஓடியது.

"இது பீட்ரூட்டு" என்றேன்.

பத்ரசாமி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பப்ஸ் மசாலாவுக்கு வேகவெச்ச தண்ணிங்."

"எம்பட பாட்டில் எங்க?"

"மூணாம் நாளே தின்னுட்டனுங்."

அடுப்பு ஆவியில் காட்டிச் சீலை உரித்திருக்கிறார். ஒரே ஒரு கரண்டி என்றுதான் திறந்தாராம். ஒரு கரண்டி, அப்புறம் ஒரு பன், அப்புறம் பன்னே இல்லாமல். காலிப் பாட்டிலைப் பார்த்ததும் பயந்துபோய் பீட்ரூட் தண்ணீரை ஊற்றி, மைதாப் பசையால் அண்ணன் கையெழுத்தைத் திரும்ப ஒட்டிவிட்டார். இன்னொரு பாட்டில் வாங்கி மாற்றிவிடலாம் என்று நினைத்திருக்கிறார், நான்தான் ஒரு சொட்டு தரமாட்டேன் என்றேனே.

நான் எழுந்து நேராகப் புழு மனைக்கு நடந்தேன். பின்னாலேயே ஓடிவந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் இருந்த பிளீச்சிங் தட்டில் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு நின்றார்.

"தினமும் போன் பண்ணுனீங்களே" என்றேன். "பாட்டிலே இல்லாம எதைப் பாத்து நல்லாருக்கு, நல்லாருக்குன்னு சொன்னீங்க?"

"நீங்க பேசறதக் கேட்டுட்டுத்தானுங் சொன்னேன்" என்றார். "நல்லாத்தான் இருந்துது."

கூடு வலைகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன, எல்லாம் வெள்ளை வெளேர் என்று. நான் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எங்கே பார்ப்பது?

"தட்டை விட்டு வெளிய வாங்க. கால் வெளுத்துரும்" என்றேன் கடைசியில்.

"மன்னிச்சுட்டீங்ளா?"

"இல்ல. கால் வெளுத்துரும்னுதான் சொன்னேன்."

அப்போது வீட்டுக்குள்ளிருந்து நங்கை கூப்பிட்டாள்: "சண்டை முடிஞ்சுதுன்னா ரெண்டு பேரும் இங்க வாங்க!"

போனால் நங்கை அரிசி டிரம்முக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். வெளியே வந்த கையில், அரிசி ஒட்டிக்கொண்டு, என் நாலாவது பாட்டில்!

"அன்னிக்கு இவரு கரண்டியச் சட்டைப் பையில போட்டாரு பாரு, அப்பவே தெரிஞ்சுது" என்றாள். "இந்தாளு கைல பாட்டிலைக் குடுத்தா ஒரு மாசம் தாங்குமா? அதான் வீட்டுக்கு வந்ததும் ஒண்ணை ஒளிச்சு வெச்சேன். அதே சட்டி, அதே நாளு. ஒரு மாசமா அடுப்போரத்துல அரிசிக்குள்ள வெந்துட்டுக் கெடந்துது. தொறங்க."

அண்ணன் திருகினான். 'டப்'. நுரை இல்லை, நாற்றம் இல்லை. கிராம்பு வாசம். அண்ணன் விரலை விட்டு நக்கினான். கண்ணை மூடினான். மறுபடி விரலை விட்டான். நங்கை கையில் அடித்தாள்.

"கெடலை" என்றான் அண்ணன். "பேச்சுன்னா பேச்சு. துண்டு கோகிலாவோடது. பழமோ, சாசோ, என்ன வேணா பண்ணிக்கட்டும்."

அரிசி டிரம்மை மூடி அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம். யார் பார்த்தாலும் பார்த்துக்கொள்ளட்டும் என்று அழுதேன்.

அண்ணன் ஜன்னல் வழியாகத் தொட்டிப் பக்கம் எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். "சரி, வாங்கி வெச்ச தென்னம்பிள்ளைகளை என்ன பண்றது? இத்தனையும் எங்க நடறது?"

நங்கை பாட்டிலை மூடிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "எதுக்கு நடோணும்? இப்பெல்லாம் கல்யாணத்துக்கு வர்றவங்களுக்குத் தாம்பூலத்தோட ஆளுக்கொரு செடி குடுக்கறாங்கல்ல. தேங்காய்க்குப் பதிலா தென்னம்பிள்ளையாவே குடுத்தர்லாம்."

"எந்தக் கல்யாணத்துக்கு?" என்று கேட்டேன்.

அண்ணன் என்னைப் பார்த்தான். நங்கை என்னைப் பார்த்தாள். பத்ரசாமி வெளுத்துப்போன தன் கால்களைப் பார்த்தார். அவர் சட்டைப் பையில் ஒரு கரண்டி நீட்டிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக் கரண்டி, போன மாதம் பேக்கரியில் அவர் செருகிக்கொண்டது.

என் உத்தரவை மீறிவிட்டாள் என்று நங்கைமேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மார்ச் 10, திங்கள்

காலையில் கூடு ஒன்றைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன். கடகடவென்று ஆடுகிறது. நாளை பறிக்கலாம். நல்ல கூடு.

கிழக்குத் துண்டில் இன்னும் ஒரு சட்டிக்குப் பழம் தேறும். பறித்து வைத்தோம். தென்னம்பிள்ளைகளுக்கும் தண்ணீர் ஊற்றினேன், வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாராளமாக.

சாயங்காலம் போன் வந்தது. அவர் கடையில் இப்போது பாட்டிலே இல்லை. ஒரு மணி நேரம் பேசினோம்.